ஸ்டவுட் போத்தலின் உண்மையான ஊரைக் கண்டறியும் முறை

கிழக்கு லண்டனில் தமிழர் நடத்தும் பலசரக்குக் கடைகளின் மதுபான அடுக்குகளில், ஒரே பெயர் பொறித்த இரண்டு கறுப்புப் போத்தல்கள் அருகருகே நிற்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன். இரண்டிலும் ‘கின்னஸ் ஃபொரின் எக்ஸ்ட்ரா ஸ்டவுட்’ என்றே எழுதியிருக்கும். ஸ்டவுட் என்பது வறுத்த தானியத்தால் கருநிறம் பெற்ற பியர். இரண்டிலும் அதே யாழ்ச் சின்னம் இருக்கும். இரண்டிலும் மதுசாரத்தின் அளவு 7.5 சதவீதம் என்றே குறிக்கப்பட்டிருக்கும். ஆனால் ஒன்று அயர்லாந்தின் டப்ளினில் காய்ச்சப்பட்டது, மற்றது நைஜீரியாவின் லாகோஸில் காய்ச்சப்பட்டது. முதலாவது பார்லியில் பிறந்தது, இரண்டாவது பெரும்பாலும் சோளத்தில் (ஆங்கிலத்தில் சோர்கம்) பிறந்தது. இரண்டையும் குடித்துப் பார்த்தவர் ஒன்றை மற்றொன்றென்று மயங்கமாட்டார். காசு கொடுப்பதற்கு முன்பே இந்த வேறுபாட்டைப் போத்தலைப் பார்த்து அறிந்துகொள்ள முடியும் என்பதையும், ஊர் மாறும்போது சுவை ஏன் மாறுகிறது என்பதையும் சொல்வதே இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பியரின் பெயர் ஒருவருக்குச் சொந்தமான வணிகச் சொத்து. காய்ச்சுவது வேறு தொழில். பெயருக்கு உரியவர் ஒரு நாட்டில் இருக்க, காய்ச்சுபவர் இன்னொரு நாட்டில் இருக்க, விற்பவர் மூன்றாவது நாட்டில் இருப்பது இந்தத் தொழிலில் அன்றாட வழக்கம். 2024ஆம் ஆண்டு, கின்னஸ் பெயருக்கு உரிய டியாஜியோ நிறுவனம் நைஜீரியக் கின்னஸ் நிறுவனத்தில் தனக்கிருந்த பெரும்பான்மைப் பங்கைச் சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட தோலாராம் குழுமத்துக்கு விற்றது; ஆயினும் கின்னஸ் என்ற பெயர் டியாஜியோவிடமே இருக்கிறது, ஆலை உரிமம் பெற்றுக் காய்ச்சுகிறது. ஆகவே, ‘இது யாருடைய பியர்?’ என்ற கேள்வியும் ‘இது எங்கே காய்ச்சப்பட்டது?’ என்ற கேள்வியும் வெவ்வேறானவை. நாம் தேடுவது இரண்டாவதன் விடையை.

லேபலைப் பின்னாலிருந்து வாசியுங்கள்

போத்தலின் முன்பக்கத்தில் இருப்பவை பெரும்பாலும் வரலாறும் படமும் ஆகும். ஆண்டு, நிறுவியவரின் கையொப்பம், கோட்டையோ யாழோ சிங்கமோ, சில வேளைகளில் ஒரு நகரத்தின் பெயர்: இவையெல்லாம் அந்தப் பெயர் எங்கே தோன்றியது என்பதைத்தான் சொல்கின்றன. ‘ஐரிஷ் ஸ்டவுட்’ என்பது ஒரு வகையின் பெயர். ‘இம்பீரியல் ரஷ்யன் ஸ்டவுட்’ என்ற பெயர் அந்தப் பியர் எந்த நாட்டுக்கு அனுப்பப்பட்டது என்பதைக் குறித்ததேயன்றி, எந்த நாட்டில் காய்ச்சப்பட்டது என்பதைக் குறிக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டில் ரஷ்ய அரசவைக்குப் போன கறுப்புப் பியர் லண்டனின் சதர்க் பகுதியில் காய்ச்சப்பட்டது. ‘ஃபொரின்’ என்ற சொல்லும் அப்படித்தான். வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கென்று டப்ளினில் செய்யப்பட்டது என்பதே அதன் முதற்பொருள்.

எனவே போத்தலைத் திருப்பிச் சிறிய எழுத்துகளைப் பாருங்கள். ‘புரூட் அண்ட் பொட்டில்ட் பை’ என்று தொடங்கி ஓர் ஆலையின் பெயரும் ஊரும் இருந்தால், அதுவே நமக்கு வேண்டிய விடை. ‘புரூட் அண்டர் லைசன்ஸ்’ என்றிருந்தால், உரிமம் பெற்ற வேறோர் ஆலை காய்ச்சியிருக்கிறது என்று பொருள். அதற்குப் பின்வரும் பெயரையே கவனிக்க வேண்டும். ‘ப்ரொடக்ட் ஒஃப்’ என்பதற்குப் பின்னால் நாட்டின் பெயர் மட்டும் இருந்தால், ஆலை தெரியாவிட்டாலும் நாடு தெரிந்துவிடும். ‘இம்போர்ட்டட் பை’ என்பதற்குப் பின்னால் வருவது இறக்குமதி செய்தவரின் முகவரி; அதை ஆலையின் முகவரியாகப் பிழையாக வாசிப்பவர்கள் பலர்.

இங்கே ஒரு சட்ட நுணுக்கம் இருக்கிறது. பிரித்தானியாவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும், உணவுப் பொருளுக்குப் பொறுப்பேற்கும் நிறுவனத்தின் பெயரும் முகவரியும் லேபலில் இருந்தாக வேண்டும். ஆனால் அந்த நிறுவனம் காய்ச்சிய ஆலையாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் பொதுவாக இல்லை. ஆகவே லண்டன் முகவரி ஒன்று மட்டும் அச்சாகியிருப்பதைக் கண்டு, லண்டனில் காய்ச்சியது என்று முடிவுசெய்துவிடக் கூடாது. அமெரிக்காவில் இறக்குமதிப் பொருளின் மேல் அது உருவான நாட்டைக் குறிக்க வேண்டும் என்ற விதி உண்டு; ஆனால் அந்த வரி எவ்வளவு சிறியதாக, எந்த மூலையில் இருக்கிறது என்பது வேறு விடயம். அங்கே விற்கப்பட்ட கின்னஸ் எக்ஸ்ட்ரா ஸ்டவுட் அயர்லாந்திலிருந்து வருவதாக வாங்குவோரை நம்பவைத்துவிட்டு, உண்மையில் கனடாவில் காய்ச்சப்படுகிறது என்று 2015ஆம் ஆண்டு மாசசூசெட்ஸில் ஒரு வழக்குத் தொடரப்பட்டது. கனடாவில் காய்ச்சப்பட்டது என்பது அப்போதும் இரகசியமாக இருக்கவில்லை. பலர் பின்பக்கத்தை வாசிக்கவில்லை, அவ்வளவுதான்.

பட்டைக்குறியீட்டின் முதல் மூன்று எண்களைக் கொண்டு நாட்டைக் கண்டுபிடிக்கலாம் என்று ஒரு நம்பிக்கை நம்மவரிடையே பரவலாக இருக்கிறது. 479 என்றால் இலங்கை, 539 என்றால் அயர்லாந்து, 955 என்றால் மலேசியா, 888 என்றால் சிங்கப்பூர், 615 என்றால் நைஜீரியா என்பது எண் ஒதுக்கீட்டைப் பொறுத்தவரை சரியே. ஆனால் அந்த எண் காட்டுவது, பட்டைக்குறியீட்டைப் பெற்ற நிறுவனம் எந்த நாட்டு அமைப்பில் பதிவாகியிருக்கிறது என்பதை மட்டுமே. ஐரிஷ் நிறுவனம் ஒன்று தன் எண்ணை வேறு நாட்டில் காய்ச்சிய போத்தலின் மேலும் அச்சிடலாம். அதைத் துணைச் சான்றாக வைத்துக்கொள்ளலாம்; லேபலின் சொற்களுக்கு மேலாக வைக்கக் கூடாது.

இதைவிட நம்பத்தக்க துப்பு மதுசார அளவு. ஒரே பெயரில் வரும் பியர்கள் நாட்டுக்கு நாடு வெவ்வேறு வலிமையில் காய்ச்சப்படுகின்றன. அந்தந்த நாட்டு மதுவரியும் பழகிய சுவையும் அதை முடிவுசெய்கின்றன. கின்னஸையே எடுத்துக்கொண்டால், டின்னிலும் பீப்பாயிலும் வரும் ‘டிராஃப்ட்’ 4.2 சதவீதம். ‘எக்ஸ்ட்ரா ஸ்டவுட்’ என்ற பெயரில் பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் விற்பது 4 சதவீதத்தைச் சற்றே தாண்டும். அதே பெயரில் அமெரிக்காவில் விற்பது 5.6 சதவீதம். ‘ஃபொரின் எக்ஸ்ட்ரா’ டப்ளினில் 7.5. பெல்ஜியத்துக்காக ஜோன் மார்ட்டின் நிறுவனம் வழியாகச் செல்லும் ‘ஸ்பெஷல் எக்ஸ்போர்ட்’ 8. ஆகவே ‘நான் கின்னஸ் குடித்தேன்’ என்று ஒருவர் சொன்னால், எத்தனை சதவீதம் என்று கேட்காமல் அவர் எதைக் குடித்தார் என்று சொல்லவே முடியாது.

ஒரு பெயர், பல ஆலைகள்

டப்ளினின் சென்ட் ஜேம்ஸ் கேட் ஆலையை ஆர்தர் கின்னஸ் 1759ஆம் ஆண்டு, வருடத்துக்கு 45 பவுண் வாடகையில், 9,000 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு எடுத்தார். கின்னஸ் என்றாலே டப்ளின் என்ற எண்ணம் அந்தக் குத்தகையிலிருந்து வளர்ந்தது. ஆயினும் இந்தப் பியர் உலகமெங்கும் போன வரலாற்றில், டப்ளினில் காய்ச்சியதும் போத்தலில் அடைத்ததும் நெடுங்காலம் வெவ்வேறு கைகளில் இருந்தன. பீப்பாய்களில் கடல் கடந்த ஸ்டவுட்டை லண்டனிலும் லிவர்பூலிலும் இருந்த தனியார் அடைப்பாளர்கள் வாங்கிப் போத்தலில் நிரப்பி, தங்கள் சொந்தச் சின்னத்தை ஒட்டி அனுப்பினார்கள். ரீட் சகோதரர்களின் போத்தலில் நாயின் தலை இருந்தது; பிளட் வூல்ஃப் நிறுவனத்தின் போத்தலில் ஓநாய் இருந்தது. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத மலாயா வாடிக்கையாளர்கள் விலங்கின் படத்தைச் சொல்லியே ஸ்டவுட்டை வாங்கினார்கள். கின்னஸுக்கு அங்கே ‘கறுப்பு நாய்’ என்று சீனர்களிடையே பெயர் விழுந்ததும் அந்தப் படத்தால்தான்.

1936ஆம் ஆண்டு லண்டனின் பார்க் ரோயலில் கின்னஸ் ஒரு பெரிய ஆலையைத் திறந்தது. அன்று தொடங்கி 2005இல் அது மூடப்படும்வரை, இங்கிலாந்தில் குடிக்கப்பட்ட கின்னஸில் கணிசமான பகுதி லண்டனில் காய்ச்சப்பட்டதே. இன்று பிரித்தானியாவில் விற்கும் டிராஃப்ட் டப்ளினிலிருந்து வருகிறது. அதாவது, ‘அந்தக் காலத்துச் சுவை இப்போது இல்லை’ என்று லண்டனின் முதியவர்கள் சொல்லும்போது, அவர்கள் ஏக்கத்தோடு நினைப்பது பெரும்பாலும் லண்டன் பியரை.

1960களில் ஆலைகள் வெப்ப நாடுகளுக்குச் சென்றன. லாகோஸ் அருகே இகேஜாவிலும், பின்னர் மலேசியாவில் பெட்டாலிங் ஜெயாவின் சுங்கை வேயிலும், 1970களில் கானாவிலும் கமரூனிலும் கின்னஸ் காய்ச்சத் தொடங்கியது. இன்று ஏறத்தாழ 50 நாடுகளில் அது காய்ச்சப்படுகிறது. இத்தனை இடங்களில் ஒரே கருமையையும் ஒரே கசப்பையும் எப்படிக் கொண்டுவருவது என்பதற்கு அவர்கள் கண்ட வழி கெட்டிச் சாறு. மோல்ட்டும் (முளைகட்டி உலர்த்திய பார்லி) வறுத்த பார்லியும் ஹொப்ஸும் (கசப்பூட்டும் பூ) சேர்த்துக் காய்ச்சி, நொதிக்கவிடாமல் சுண்டவைத்த கரிய சாறு அயர்லாந்திலிருந்து கப்பலில் வருகிறது. உள்ளூர் ஆலை தன்னிடமுள்ள தானியத்தைக் கொண்டு வெளிர்நிறப் பியர் ஒன்றைக் காய்ச்சி, அதனோடு இந்தச் சாற்றைச் சிறு அளவில் கலக்கிறது. நிறமும் வறுத்த வாசனையும் அயர்லாந்துடையவை. உடலும் இனிப்பும் மதுசாரமும் உள்ளூருடையவை. வெளிநாட்டுக் கின்னஸைப் பற்றிய எந்த விவாதத்துக்கும் திறவுகோல் இந்த ஒரு செய்திதான் என்பது என் எண்ணம்.

நைஜீரியாவில் இது இன்னும் ஆழமாகப் போனது. 1980களின் பிற்பகுதியில் அந்த நாட்டு அரசு, அந்நியச் செலாவணியைக் காக்கும் நோக்கில், பார்லியையும் பார்லி மோல்ட்டையும் இறக்குமதி செய்யத் தடை விதித்தது. பார்லி அங்கே விளைவதில்லை. சோளமும் மக்காச்சோளமும் விளைகின்றன. ஆலைகள் அவற்றுக்கு மாறின. கேட்க எளிதாகத் தோன்றினாலும், காய்ச்சுபவருக்கு இது கடினமான மாற்றம். பார்லியின் மாச்சத்து 60 முதல் 65 பாகை வெப்பத்திலேயே இளகிக் குழைந்துவிடும்; அந்த வெப்பத்தில் மோல்ட்டில் இயல்பாகவே உள்ள நொதியங்கள் அதைச் சர்க்கரையாக்கிவிடும். சோளத்தின் மாச்சத்து இளக இன்னும் அதிக வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தில் தானியத்தின் சொந்த நொதியங்கள் அழிந்துவிடும். ஆகவே வெளியிலிருந்து நொதியங்களைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. பிற்காலத்தில் தடை தளர்ந்தபோதும் சோளம் நிலைத்துவிட்டது, ஏனெனில் குடிப்பவர்களுக்கு அந்தச் சுவை பழகிவிட்டது. டப்ளின் போத்தலில் எரிந்த கோப்பிக் கொட்டையின் கசப்பும் வறண்ட முடிவும் இருக்க, நைஜீரியப் போத்தலில் கனமும் கரும்பாகின் இனிப்பும் மேலோங்கி நிற்பதை நான் உணர்கிறேன். ஒன்றை அசல் என்றும் மற்றதை நகல் என்றும் சொல்வது நியாயமாகாது. நைஜீரிய ஸ்டவுட் தன் மண்ணின் தானியத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் செம்மைப்பட்ட பியர். லண்டனில் வாழும் நைஜீரியர்கள் டப்ளின் போத்தல் பக்கத்திலேயே இருக்கும்போதும் தங்கள் ஊரில் காய்ச்சியதைத் தேடி வாங்குகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை: சோளத்தில் காய்ச்சியது என்பதால் அதில் குளூட்டன் (சிலருக்கு ஒவ்வாத தானியப் புரதம்) இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். கலக்கப்படும் கெட்டிச் சாறு பார்லியில் செய்யப்பட்டது.

பெயர் மாறாமல் ஆலை மாறியவை

அயர்லாந்தின் தெற்கே கோர்க் நகரம் தன் சொந்த ஸ்டவுட்களைப் பற்றி மிகுந்த பெருமை கொண்டது. அங்கே பீமிஷ் 1792இலும் மர்ஃபி 1856இலும் தொடங்கின. மர்ஃபியை 1983இல் வாங்கிய ஹைனெகன் நிறுவனம் பின்னர் பீமிஷையும் வாங்கி, 2009இல் பீமிஷின் பழைய ஆலையை மூடி, இரண்டையும் மர்ஃபியின் லேடிஸ் வெல் ஆலையிலேயே காய்ச்சத் தொடங்கியது. இரண்டும் 4 சதவீதத்தை ஒட்டியவை. மர்ஃபி மென்மையும் சிறு இனிப்பும் கொண்டது, பீமிஷ் சற்றுக் கசப்பும் சொக்லேட் சாயலும் கொண்டது. ஒரே கூரையின் கீழ், ஒரே ஊர்த் தண்ணீரில் காய்ச்சியும் இந்த வேறுபாடு நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். தண்ணீரே எல்லாவற்றையும் முடிவுசெய்கிறது என்ற பழைய நம்பிக்கைக்கு இது நல்ல மறுமொழி. இன்றைய ஆலைகள் தண்ணீரின் உப்புகளைத் தங்களுக்கு வேண்டியபடி திருத்திக்கொள்கின்றன. தானியக் கலவையும் வறுவலும் ஈஸ்ட்டும்தான் சுவையை அதிகம் தீர்மானிக்கின்றன. டப்ளின் கின்னஸ் லிஃபி ஆற்று நீரில் காய்ச்சப்படுகிறது என்ற கதையும் தவறு. அந்த நீர் விக்லோ மலைகளிலிருந்து வருகிறது.

வறுவலைப் பற்றி ஒரு சொல். 1817ஆம் ஆண்டு டேனியல் வீலர் என்பவர் மோல்ட்டைக் கருக வறுக்கும் உருளைக்குக் காப்புரிமை பெற்ற பின்னரே, கறுப்புப் பியரைக் குறைந்த செலவில் கறுப்பாக்க முடிந்தது. மோல்ட்டுக்கு வரி இருந்த காலத்தில் முளைகட்டாத பார்லியைச் சேர்ப்பதற்குத் தடை இருந்தது. 1880ஆம் ஆண்டு பிரித்தானியப் பிரதமர் கிளாட்ஸ்டன் அந்த வரியை நீக்கிப் பியருக்கே வரி விதித்தார். ஐரிஷ் ஸ்டவுட்டின் அடையாளமாகிய வறுத்த பார்லியின் கூர்மையான கசப்பு அதன் பிறகே சட்டப்படி சாத்தியமாயிற்று.

சொன்ன ஊரிலேயே காய்ச்சப்படும் ஸ்டவுட் வேண்டுமென்றால், இங்கிலாந்தின் யோர்க்ஷயரில் டாட்காஸ்டர் என்ற சிற்றூரில் உள்ள சாமுவேல் ஸ்மித் ஆலையை நம்பலாம். 1758ஆம் ஆண்டு தோண்டிய கிணற்று நீரையும், கல்லால் செய்த சதுர நொதித்தல் தொட்டிகளையும் அவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். ஓட்ஸ் சேர்த்த 5 சதவீத ஸ்டவுட் நாவில் பட்டுப்போல வழுக்கும். இம்பீரியல் ஸ்டவுட் 7 சதவீதம், உலர்திராட்சையின் ஆழம் கொண்டது.

இம்பீரியல் வகையில் பெயருக்கும் ஊருக்கும் உள்ள தொலைவு மிக நீண்டது. லு கொக் என்ற வணிகரின் நிறுவனம் லண்டனிலிருந்து வலிமையான ஸ்டவுட்டைப் பால்டிக் துறைமுகங்களுக்கு அனுப்பியது. பிறகு 1912இல் எஸ்டோனியாவின் தார்த்து நகரில் ஓர் ஆலையையே வாங்கியது. இன்று அந்தப் பெயரைச் சுமந்த 9 சதவீத ஸ்டவுட், இங்கிலாந்தின் தென்கரைக்கு அருகே லூயிஸ் நகரத்து ஹார்வீஸ் ஆலையிலிருந்து வந்திருக்கிறது. வணிகர் ஒருவரின் பெயர், ரஷ்யச் சந்தை, எஸ்டோனிய ஆலை, ஆங்கிலக் காய்ச்சல்: பின்பக்க லேபலை வாசிக்காமல் இதை யார் ஊகிக்க முடியும்?

வெப்ப நாட்டு ஸ்டவுட்கள்

டப்ளினிலிருந்து மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்புவதற்கென்று 1801ஆம் ஆண்டு கின்னஸ் ஒரு போர்ட்டரின் (ஸ்டவுட்டுக்கு முன்னோடியான கறுப்புப் பியர்) செய்முறையைக் குறித்துவைத்தது. நீண்ட கடற்பயணத்திலும் வெப்பத்திலும் கெடாதிருக்க ஹொப்ஸும் மதுசாரமும் கூட்டப்பட்ட அந்தப் பியரே இன்றைய ஃபொரின் எக்ஸ்ட்ராவின் மூதாதை. அதைக் குடித்துப் பழகிய நாடுகள் பின்னர் தாமே காய்ச்சத் தொடங்கியபோது, வலிமையை வைத்துக்கொண்டு கசப்பைக் குறைத்து இனிப்பைக் கூட்டின. பல ஆலைகள் உள்ளூர்ச் சர்க்கரையைச் சேர்த்தன; சில, குளிரில் நொதிக்கும் லாகர் பியருக்கு உரிய ஈஸ்ட்டையே ஸ்டவுட்டுக்கும் பயன்படுத்தின. பியரை வகைப்படுத்துவோர் இன்று இதை ‘டிரொப்பிக்கல் ஸ்டவுட்’ என்று தனியாகவே வைக்கிறார்கள். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் காய்ச்சப்படும் 7.5 சதவீத டிராகன், டிரினிடாட்டின் ரோயல் எக்ஸ்ட்ரா, சிங்கப்பூரில் தோன்றிக் கம்போடியாவிலும் பெருமளவில் காய்ச்சப்படும் 8 சதவீத ஏ.பி.சி. ஆகியவை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. டிரினிடாட்டில் கரீப் ஆலை காய்ச்சும் மக்கெசன் இவற்றிலிருந்து வேறானது. அது இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஹைத் என்ற ஊரில் தோன்றிய பால் ஸ்டவுட். ஈஸ்ட்டால் நொதிக்க முடியாத பாற்சர்க்கரை அதில் இனிப்பாகவே தங்கிவிடுகிறது. பால் ஒவ்வாதவர்கள் அந்த வகையைத் தவிர்ப்பது நல்லது.

இந்தக் குடும்பத்தில் எனக்கு நெருக்கமானது இலங்கையின் லயன் ஸ்டவுட். 1,868 மீற்றர் உயரத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் நுவரெலியாவில் 19ஆம் நூற்றாண்டில் பியர் காய்ச்சத் தொடங்கினார்கள். குளிரூட்டும் இயந்திரங்கள் இல்லாத காலத்தில், வெப்பத் தீவு ஒன்றில் பியர் காய்ச்ச மலையுச்சியின் குளிரே வழிசெய்தது. தோட்டத் துரைமாருக்காகத் தொடங்கிய ஆலை அது. சுற்றியிருந்த தோட்டங்களில் உழைத்தவர்கள் மலையகத் தமிழர்கள். இன்றும் பலர் லயன் ஸ்டவுட் நுவரெலியாவின் ஊற்று நீரில் காய்ச்சப்படுகிறது என்று நம்புகிறார்கள். அது பழைய செய்தி. 1990களின் இறுதியில் உற்பத்தி கொழும்புக்கு அருகே களனி ஆற்றை ஒட்டிய பியகமவுக்கு இறங்கிவந்துவிட்டது. 2016ஆம் ஆண்டு மே மாத வெள்ளத்தில் அந்த ஆலை மூழ்கி, பல மாதங்கள் உற்பத்தி நின்றபோதுதான், போத்தல் எந்த ஊரிலிருந்து வருகிறது என்பது வெளிநாட்டில் இருந்த பலருக்குத் தெரியவந்தது.

லயனின் லேபலில் ஏமாற்று எதுவும் இல்லை. இலங்கையில் காய்ச்சப்பட்டது என்பதும், ஏற்றுமதிப் போத்தலில் 8.8 சதவீத மதுசாரம் உண்டு என்பதும் தெளிவாகவே அச்சிடப்பட்டிருக்கின்றன. ஊற்றும்போது பழுப்பு நிற நுரை தடிப்பாக எழும். பேரீச்சம்பழம், கித்துள் கருப்பட்டி, கறுப்புச் சொக்லேட் ஆகியவற்றின் நினைவு ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஐரிஷ் ஸ்டவுட்டின் வறட்சி இதில் கிடையாது. 8 சதவீதத்துக்கு மேற்பட்ட மதுசாரம் அந்த இனிப்புக்குள் மறைந்திருப்பதால், குடிப்பவர் அதன் வலிமையைத் தாமதமாகவே உணர்வார். கணக்கிட்டுப் பாருங்கள்: 440 மில்லிலீற்றர் கின்னஸ் டிராஃப்ட் டின் ஒன்றில் சுமார் 18.5 மில்லிலீற்றர் தூய மதுசாரம் இருக்கிறது. 330 மில்லிலீற்றர் லயன் போத்தலில் 29 மில்லிலீற்றர். சிறிய போத்தல்தான் பெரிய சுமை.

இதோடு சேர்த்து ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மலாயாவிலும் இலங்கையிலும், பிள்ளை பெற்ற தாய்மாருக்கும் இரத்தம் குறைந்தவர்களுக்கும் ஸ்டவுட் கொடுக்கும் வழக்கம் நெடுநாள் இருந்தது. கின்னஸின் பழைய விளம்பரங்களும் அது உடலுக்கு நல்லது என்றே சொல்லின. ஸ்டவுட்டில் இரும்புச்சத்து மிகமிகக் குறைவு. கருமை வறுவலால் வந்த நிறம். பாலூட்டும் தாய்க்கு 8 சதவீத மதுசாரத்தை மருந்தென்று கொடுப்பதை எந்த வீட்டிலும் தொடரவேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒப்பிட்டுச் சுவைப்பது

ஊர் வேறுபாட்டை நாவால் அறிய விரும்புபவர், ஒரே மாலையில் நான்கு வகைகளைச் சிறு அளவில் வைத்துக்கொள்ளலாம்: டப்ளின் டிராஃப்ட் ஒரு டின், டப்ளின் ஃபொரின் எக்ஸ்ட்ரா ஒன்று, நைஜீரிய ஃபொரின் எக்ஸ்ட்ரா ஒன்று, லயன் ஒன்று. மூன்று நான்கு பேர் பகிர்ந்துகொண்டால், ஒருவருக்கு ஒவ்வொன்றிலும் 80 முதல் 100 மில்லிலீற்றர் போதும். எவரும் அதன் பின் வண்டி ஓட்டக் கூடாது.

டிராஃப்ட்டையும் போத்தலையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு எது சிறந்தது என்று தீர்ப்பளிப்பதில் பயனில்லை, ஏனெனில் அவற்றின் வேறுபாட்டில் பெரும்பகுதி ஊரால் வந்ததன்று, வாயுவால் வந்தது. டிராஃப்ட்டில் நைதரசனும் காபனீரொட்சைட்டும் கலந்திருக்கின்றன. பீப்பாயிலிருந்து அதை வெளித்தள்ளும் வாயுவில் நைதரசனே முக்கால் பங்கை ஒட்டியது. நைதரசன் நீரில் எளிதில் கரையாது; அதனால் மிக நுண்ணிய குமிழிகளாக வெளிவந்து, பாலாடை போன்ற நுரையையும் மெல்லிய வாய்ப்பதத்தையும் தருகிறது. டின்னைத் திறந்ததும் உள்ளிருக்கும் சிறு பிளாஸ்டிக் உருண்டை நைதரசனைப் பீய்ச்சி அதே நுரையை எழுப்புகிறது. போத்தலில் வரும் ஃபொரின் எக்ஸ்ட்ராவில் காபனீரொட்சைட்டு மட்டுமே இருப்பதால், நாவில் கூர்மை தெரியும், வறுவலின் கசப்பும் தெளிவாகத் தெரியும். டிராஃப்ட்டை முதலில் வைப்பது, நாக்கைப் பழக்குவதற்கு மட்டுமே.

உண்மையான ஒப்பீடு இரண்டு ஃபொரின் எக்ஸ்ட்ராக்களுக்கு இடையில் நடக்கிறது. இரண்டையும் ஒரே வெப்பநிலையில் வையுங்கள். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து அரை மணி நேரமாவது வெளியே இருக்கட்டும். கடுங்குளிர் இனிப்பையும் வாசனையையும் மூடிவிடும். பனிக்கட்டி போட்டால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஊற்றியதும் நிறத்தைப் பார்க்காமல் முதலில் முகருங்கள், ஏனெனில் கெட்டிச் சாற்றின் வேலையால் நிறம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே. பிறகு ஒரு வாய் குடித்து, விழுங்கியபின் 10 விநாடி காத்திருங்கள். வேறுபாடு முதல் சுவையைவிட முடிவில்தான் அதிகம் வெளிப்படும்: டப்ளினுடையது கசந்து உலர்ந்து நிற்கும், நைஜீரியாவினுடையது இனித்துத் தங்கும். இடையிடையே தண்ணீர் குடியுங்கள். உறைப்பான முறுக்கையோ கடலையையோ அப்போது தொடவேண்டாம்.

லயனைக் கடைசியாக வையுங்கள். அதை முதலில் குடித்தால் அதன் இனிப்பு நாக்கில் படிந்து, மற்ற மூன்றும் புளித்த நீர்போலத் தோன்றும். நால்வருக்கும் ஊற்றி முடிந்ததும் ஒவ்வொரு போத்தலின் பின்பக்கத்தையும் கைபேசியில் படமெடுத்துத் திகதியோடு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு அதே பெயரை வாங்கும்போது ஆலையின் ஊர், மதுசார அளவு, காய்ச்சியவரின் பெயர் ஆகிய மூன்றில் எது மாறியிருக்கிறது என்று அந்தப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.